தெற்கு வழியில் ஒரு பெட்ரோல் நிலையம்

எங்கள் கூட்டத்தில் என் வண்டிதான் கடைசி. ஐந்து வண்டிகளும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கிவிட்டால், முன்வண்டியில் போகிற தலைவர் அவ்வப்போது வாக்கிடாக்கியில், "வாலு?" என்று கேட்பார். நான், "இருக்கேன்," என்பேன். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசாமல் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. பேசாதவன் வாலில் வருவதுதான் நல்லது என்பார் தலைவர். பேசுகிறவனைக் கடைசியில் விட்டால் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வருவானாம்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பலபேர் கைமாறி வந்த பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தா திங்கிக்கு அப்பால் தோட்டங்களுக்குள்ளும் காட்டோடைகளிலும் வண்டி விடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. எங்களுக்குச் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். சந்திப்பு வந்தால் நிற்க வேண்டும். பின்னால் வருகிற வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாசாயில் தலைவரின் லாரிப் பட்டறையில் கூடியிருந்தோம். தலைவர் லாரிக் குத்தகைக்காரர். கூட இருந்தவர்கள் அவருடைய மச்சான், ஓய்வு பெற்ற வாத்தியார், வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிற ஒருவர், நான். வண்டிகளில் சேறு காய்ந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"சேத்துல உருண்டது போதும்லா," என்றார் தலைவர். "எருமை மாடா நாம? ஒரு தடவை மணலப் பாப்போம்."

"மணல் பாக்கணும்னா மெர்சிங் போங்கண்ணே. கடற்கரை பூரா மணல்தான்," என்றார் வயரிங்காரர்.

"அது புள்ளைங்க சட்டி பானை வச்சு விளையாடுற மணல். நான் சொல்றது பாலைவனம். ஆஸ்திரேலியா. காடி அங்கயே வாடகைக்கு எடுத்துக்கலாம். அஞ்சு காடி. வீட்டு ஆளுங்களையும் கூட்டிக்கிட்டுப் போவோம்."

"வீட்டு ஆளா? அலமாக்! பாலைவனத்துக்குப் போறதே அதுங்ககிட்டருந்து தப்பிக்கத்தானே?" என்றார் வயரிங்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். மறு ஞாயிறு வாத்தியார் ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து லாரியின் மூக்கின்மேல் விரித்துவிட்டார். அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ஆங்கிலப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். பாலைவனத்தைக் கடக்க இரண்டு வழிகள் இருப்பதாகச் சொன்னார். வடக்கு வழியில் பெட்ரோல் அடிக்கடி கிடைக்கும். தெற்கு வழியில் ஆள் நடமாட்டமே கிடையாது. அந்தத் தெற்கு வழியில் விரலை வைத்து, எங்கெங்கே பெட்ரோல் போடலாம் என்று ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

மூன்றாவதாக வாசித்த பெயரை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். என் மகன் கடைசியாகப் பேசியது அங்கிருந்துதான்.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. சுற்றுலா விசாவில் போய்ப் பழம் பறிக்கிற வேலையில் சேர்ந்தான். எங்கள் வரிசை வீடுகளிலிருந்து அப்படிப் போனவர்கள் பலர் இருக்கிறார்கள். விசா முடிந்ததும் சிலர் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு மாறினான். பிறகு பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம், அதோடு ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறேன் என்றான். ஒரு படம் அனுப்பினான். சிவப்பு மண், ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு பலகை, பின்னால் வெறும் வானம். "இங்க ஈ ரொம்ப தொல்லைப்பா," என்றான். அதற்குப் பிறகு பேச்சில்லை. அந்த ஊர்ப் பெயரை என் தங்கை மகள்தான் படத்தில் இருந்த பலகையைப் பார்த்து வாசித்துச் சொன்னாள்.

போலீசில் சொல்லலாம் என்றார்கள். சொன்னால் அவன் மாட்டிக்கொள்வான். ஒளிந்திருக்கிறவனை நாமே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று என் மனைவி அழுதாள். நேரே போய்ப் பார்க்கவும் வழி தெரியவில்லை. அந்த இடத்துக்குப் பஸ் கிடையாது. எனக்கு ஆங்கிலம் கிடையாது. நானும் அவளும் தனியாக ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வெறும் மண்ணில் போனால் எங்களையும் யாராவது தேட வேண்டிவரும்.

அவன் இங்கிருந்து போகும்போது கொண்டுபோன எண்ணை என் மனைவி உயிரோடு வைத்திருந்தாள். பணம் போடாமல் விட்டால் எண் செத்துவிடும். ஆகவே மாதம் தவறாமல் ரீலோட் செய்வாள். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், நீங்கள் அழைத்த எண்ணை இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை, பிறகு முயலவும் என்று மலாயில் ஒரு பெண் சொல்வாள். என் மனைவி அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

கூட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டால், வெளியூரில் வேலை என்று சொல்லிவிடுவேன். மேலே கேட்கமாட்டார்கள். என்னிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை.

அன்று வீட்டுக்குப் போய் வரைபடத்தின் கதையைச் சொன்னேன். அவள் வேலைவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கேக் கம்பெனியில் பெட்டி மடிக்கிற வேலை.

"அந்த ஊரேதானா? நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டேன்."

"அப்ப நானும் வாறேன். பழைய பாஸ்போர்ட்டப் புதுப்பிக்க என்னென்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க."

சிங்கப்பூரைத் தாண்டி எங்கும் போகாதவள் அவள். இரவு பஸ்ஸில் கோலாலம்பூர் போவதற்கே பயப்படுவாள்.

அதற்கடுத்த வாரங்களில் கூட்டமே மணலைப் பற்றித்தான் பேசியது. தண்ணீர் எவ்வளவு வேண்டும், டயர் எத்தனை எடுப்பது, யார் சமைப்பது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சேறுதான். சேற்றில் டயர் புதைந்தால் மரத்தில் கம்பியைக் கட்டி இழுப்போம். "அங்க மரமே இல்லையே, எதுல கட்டுவீங்க?" என்று வாத்தியார் கேட்டார்.

பழகிப் பார்ப்பதற்காகக் கோத்தா திங்கிப் பக்கம் மணல் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன ஓரிடத்துக்குப் போனோம். வெள்ளை மணலில் கண் கூசியது. தலைவர் சேற்றில் போகிற வேகத்தில் உள்ளே விட்டார். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. அவரை இழுக்கப் போன மச்சானும் புதைந்தார். மச்சானை இழுக்கப் போன வயரிங்காரர் சக்கரம் பாதி மறையும்வரை மிதித்துவிட்டு, சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, ஆஸ்திரேலியா வந்துருச்சாண்ணே?"

"வாய மூடுடா. ஏறி மிதிக்காதன்னு சொன்னேன்ல?"

"நீங்க எங்க சொன்னீங்க? நீங்கதான் முதல்ல மிதிச்சீங்க!"

டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும் என்று வாத்தியார் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். தலைவருக்கு மனமே வரவில்லை. காசு கொடுத்து அடித்த காற்று என்றார். கடைசியில் இறக்கினோம். தட்டையான டயரோடு வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வெளியே வந்தன. அன்று நானும் சிரித்தேன். அந்தச் சில வாரங்களில் எனக்கு வேலையிடத்தில்கூடச் சிரிப்பு வந்தது. என் மனைவி பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து, மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று சொன்னாள்.

வழியை முடிவு செய்ய வேண்டிய நாள் வந்தது. தலைவரும் மச்சானும் வடக்கு என்றார்கள். வீட்டுப் பெண்கள் வருகிறார்கள், பெட்ரோல் அடிக்கடி கிடைக்கிற வழிதான் சரி என்பது அவர்கள் பேச்சு. வாத்தியாரும் வயரிங்காரரும் தெற்கு என்றார்கள். பாலைவனத்துக்கென்று போய்விட்டுக் கடைத்தெருவில் எதற்குச் சுற்ற வேண்டும் என்றார் வாத்தியார். இரண்டு பக்கமும் சமம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாலு, நீ சொல்லு. உன் வாயிலதான் இருக்கு."

தெற்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று தலைவர் கேட்பார். எப்போதும் எதற்கும் சரி என்கிறவன் இன்று ஏன் எதிராகப் பேசுகிறான் என்று நிச்சயம் கேட்பார். நான் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நான்கு பேர் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்போதுதான் வாயில் வந்தது.

"முனியாண்டிக்கிட்ட பூ கேட்டுப் பாப்போம்."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங்! இது பேச்சு. வாய் தொறந்தாலும் சரியாத் தொறந்தான் பாருங்க."

நாங்கள் எப்போதும் இறங்குகிற தோட்டத்தின் வாசலில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. நான்கு தகரம், ஒரு சூலம், ஒரு சாமி. அவருக்குச் சுருட்டு வைக்காமல், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நாங்கள் உள்ளே போனதே இல்லை. அவரிடம் கேட்டால் அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். என் வாயால் சொல்லமுடியாததை அவர் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். மறு ஞாயிறு போனோம்; முந்தின நாளே என் மனைவி வீட்டில் விளக்கேற்றி வைத்து வேண்டிக்கொண்டாள்.

வெள்ளைப் பூ தெற்கு, சிவப்புப் பூ வடக்கு என்று பேசிக்கொண்டோம். தலைவர் இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் உருட்டிப் போட்டார். விவரம் தெரியாத ஆள் ஒருவர் எடுக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் விவரம் தெரியும். அந்த நேரம் செம்பனைப் பழக்குலை வெட்டுகிற பங்களாதேஷ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மச்சான் அவரை நிறுத்தி மலாயில் சொன்னார், ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று. அவர் எங்களையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தார். சைக்கிளை மரத்தில் சாய்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லிக் குனிந்து ஒன்றை எடுத்தார்.

"நம்ம சாமிக்கு எல்லா பாஷையும் தெரியும்," என்றார் வயரிங்காரர் மெதுவாக.

தலைவர் பிரித்தார். சிவப்பு.

பங்களாதேஷ்காரர், நல்லதுதானே என்று கேட்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையாட்டினேன்.

திரும்பும் வழியில் என் வண்டி பின்தங்கிவிட்டது. நான் மெதுவாக ஓட்டினேனா, கால் மிதிக்கவில்லையா, தெரியவில்லை. வலது பக்கம் திரும்புகிற சந்திப்பில் நான்கு வண்டிகளும் எனக்காக நின்றன. நான் வளைவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டேன்.

"வாலு?"

நான் வாக்கிடாக்கியை எடுத்தேன். முகங்கள் தெரியாததால் சொல்ல முடிந்தது. "அண்ணே, என் மகன் அந்தத் தெக்கு வழியிலதான் இருந்தான். மூணாவது ஊருல. இப்ப போன் இல்ல. விசா முடிஞ்சு போச்சு. அவனப் பாக்கத்தான் நானும் வீட்டுக்காரியும் வாறதா இருந்தோம்."

பிறகு தலைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். செம்பனை நிழலில் நின்றோம்.

"ஏண்டா, இத முந்தியே சொல்லிருந்தா பூவே கேட்டிருக்க மாட்டமேடா," என்றார் தலைவர். அவர் குரல் உடைந்திருந்தது. "உன் புள்ளைனா தெக்குத்தான். அதுக்கு என்ன பேச்சு?"

"அப்ப தெற்காலேயே போவம்," என்றார் வாத்தியார். "பூவில என்ன இருக்கு? அந்த மனுசன் கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்தவர்."

"சார், நீங்க படிச்சவரு, உங்களுக்கு அப்படி. கேக்காம இருந்திருக்கலாம். கேட்டாச்சு. அவரு சொல்லியும் ஆச்சு. வீட்டுப் பொம்பளைங்கள வச்சுக்கிட்டு, அவரு வேணாம்னு சொன்ன பாதையில நான் எப்படிப் போவேன்?"

"இன்னொரு தடவை கேட்டா?" என்றார் வயரிங்காரர்.

"ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவ கேக்கக் கூடாதுலா. தெரியாதா உனக்கு?"

தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாத்தியாரும் வயரிங்காரரும் என்னோடு தனியாக வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்த வழிக்கு நான்கு வண்டிக்குக் குறைவாகப் போகக்கூடாது என்று முதல் நாளே வாத்தியார்தான் சொல்லியிருந்தார். தலைவரும் மச்சானும் இல்லாமல் மூன்றுதான். நான், வேண்டாம் சார், விடுங்கள் என்றேன்.

வாத்தியார் விடவில்லை. மறுநாள் மத்தியானம் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, அந்தப் பெட்ரோல் நிலையத்து எண்ணைக் கண்டுபிடித்து, என் முன்னாலேயே கூப்பிட்டார். நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பொம்பிள கதைச்சவ. நல்ல மனுசிதான். சமையல்கட்டில இப்ப வேற ஆக்கள். வந்து வந்து போயினமாம். பேர் ஞாபகம் இல்லையாம். படம் அனுப்பினாப் பாத்திட்டுச் சொல்லுறன் எண்டா."

என்னிடம் வாங்கி மகன் படத்தை அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இருந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். வாத்தியார் அதை எனக்கு இரண்டு முறை மொழிபெயர்த்தார், இரண்டாவது முறை ஏதாவது கூடுதலாக வந்துவிடும் என்பதுபோல.

பூ விஷயத்தை என் மனைவியிடம் பூ எடுத்த அன்றைக்கே சொல்லியிருந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடிக்காமல் நின்றாள்.

"எந்தப் பூ வந்துச்சு?"

"செகப்பு."

"வேற யாரும் எடுக்கலயே? அந்த ஆளுக்கு நம்மளத் தெரியாதுதானே?"

"தெரியாது."

"அப்ப சரி."

எது சரி என்று எனக்குப் புரியவில்லை. வழியைத்தான் கேட்டோம், அவனைப் பற்றிக் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் போனில் பேசியதைப் பிறகு சொன்னபோதும் அவள் எதுவும் கேட்கவில்லை. "அங்க போக வேணாம்னா, அங்க பாக்க ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்," என்றாள். முனியாண்டி தன்னிடம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனதுபோல அமைதியாகச் சொன்னாள். பாஸ்போர்ட்டைத் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள். "நான் வரல. நீங்க போயிட்டு வாங்க. உங்க கூட்டாளிங்க வருத்தப்படுவாங்க."

அடுத்த மாதம் அவள் ரீலோட் செய்யவில்லை. நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது நாள் கடந்திருந்தது. கடைக்குப் போய்ப் பணம் போடச் சொன்னேன். கடைக்காரப் பெண் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த எண் போகவில்லை அங்கிள் என்றாள். வெளியே வந்து, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று கூப்பிட்டேன். வேறு ஒரு பெண் பேசினாள். நீங்கள் அழைத்த எண் சேவையில் இல்லை என்றாள். பிறகு முயலவும் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவளும் கூப்பிட்டுப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

பயணம் நிற்கவில்லை. விமானச் சீட்டு எடுத்தாயிற்று. வடக்கு வழியானாலும் ஐந்து வண்டியாகத்தான் போக வேண்டும், வால் இல்லாமல் கூட்டம் போகாது என்று தலைவர் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்தான் என்னைத் தடுத்ததாக நினைத்து நொந்துபோவார்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் மறுபடி வரைபடத்தை விரித்தோம். தலைவர் வடக்கு வழியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு கீழே தெற்குப் பக்கம் இறங்கியது.

"வாலு, இங்க பாரு. இந்த முக்குலருந்துதான் அந்தப் பக்கம் பாதை பிரியுது. இங்க நிப்பாட்டி எல்லாரும் சாப்பிடுவோம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்போம். நீ அந்தப் பக்கம் பாத்துக்க."

அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"அங்கருந்து அந்த ஊரு எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டேன்.

வாத்தியார் விரலால் அளந்தார். மறுபடி அளந்தார். "இங்கயிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்பி வாற தூரம். அதுக்கும் மேல."

"சரி சார்."

பிறகு வயரிங்காரர், அந்த முக்கில் சாப்பிட என்ன கொண்டுபோவது என்று கேட்டார். புளிச்சோறு என்றால் வெயிலுக்குக் கெடாது என்றார் மச்சான். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவான் என்றார் தலைவர். அங்கேயே அரிசி வாங்கிச் சமைக்கலாம் என்று முடிவானது. அடுப்பை யார் வண்டியில் ஏற்றுவது என்று கேட்டார்கள். என் வண்டியில் இடம் இருக்கிறது, பக்கத்து இருக்கையும் காலிதான் என்றேன்.